மஞ்சள் உறையில் போட்ட விண்ணப்பம்

மேலகரத்தில் ஞானகனியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் புருஷன் அருமைநாயகத்தின் தொண்டையைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. தென்காசி காய்கறிச் சந்தையில் இருபத்தெட்டு வருஷம் ஏலம் விட்ட தொண்டை அது. விடியற்காலம் வெண்டைக்காய்க் குவியலுக்கு முன்னால் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று அவர் "ஒரு தரம்" என்று இழுத்தால், புளியறை தாண்டிப் போகவேண்டிய கேரளா லாரிக்காரர்கள் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார்கள். வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தால் அங்கேயும் ஏலம் அவர்தான். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காயையும் சேவலையும் ஆராதனை முடிந்து ஏலம் போடுவார்கள். ஒரே சேவலுக்கு அண்ணன் தம்பி மூன்று பேரையும் முட்ட விட்டு, கடைசியில் மூன்று பேரையும் சிரிக்க வைத்து அனுப்பிவிடுகிற சாமர்த்தியம் அவருக்கு இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். ஞானகனி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். மத்தியானம் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தால், சந்தையில் நடந்தது அத்தனையும் அவர் வாயால் கேட்டாக வேண்டும். "கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்களேன், காது வலிக்கி" என்று அவள் எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறாள். அதை நினைத்து இப்போது அவளுக்கு வருகிற அழுகை கொஞ்சநஞ்சம் அல்ல.

பங்குனியில் ஒரு நாள் அது நடந்தது. வெண்டைக்காய்தான் ஏலத்தில் இருந்தது. "ஒரு தரம்" என்றார், "ரெண்டு தரம்" என்றார், நின்றுவிட்டார். வேண்டுமென்றே இழுக்கிறார், விலையை ஏற்றப் பார்க்கிறார் என்று கூட்டம் சிரித்துக்கொண்டு காத்திருந்தது. பெட்டியின் மேலிருந்து வலப் பக்கமாகச் சரிந்தபோதுதான் கமிஷன் கடைக்கார அகமது கபீர் ஓடிப்போய்த் தாங்கினார். பக்கவாதம். மூளையின் இடப் பக்கத்தில் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள். திருநெல்வேலியில் பதினெட்டு நாள் கிடந்து வீட்டுக்கு வந்தபோது வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை உப்புக்குச் சப்பாணியாக உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பேச்சு மட்டும் வரவில்லை. வரவில்லை என்றும் சொல்ல முடியாது, ஒன்றே ஒன்று வந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் "ரெண்டு தரம்." காற்றாடியைப் போடவா என்றால் "ரெண்டு தரம்." மகள் ஷெர்லின் கோயம்புத்தூரிலிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும், அவள் கண்ணைத் துடைத்துவிட்டு அவர் சொன்னது "ரெண்டு தரம்"தான். விழுந்த நேரத்தில் நாக்கில் இருந்தது அப்படியே தங்கிவிட்டது. சொல்ல நினைப்பது வேறு, வருவது வேறு என்று அவருக்கே தெரியும். சொன்ன மறுநொடி முகம் சுருங்கிப் போய்விடும்.

பேச்சுப் பயிற்சிக்குத் திருநெல்வேலிக்கு வாரம் இரண்டு முறை வரவேண்டும், முதலில் நடமாட்டம் சரியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். எப்போது வரும் என்று கேட்டதற்கு, வரலாம், வராமலும் போகலாம் என்றார். நல்ல மனுஷர், பொய் சொல்லவில்லை.

ஞானகனி கேட்டுக்கேட்டு ஆண்டவரைத் தொந்தரவு செய்கிற ரகம் அல்ல. சுரண்டைப் பக்கத்துச் சின்ன ஊரில் ஆறு பிள்ளைகளோடு பிறந்தவள். இருக்கிறதைக் கொண்டு பசியாறப் பழகினவள். முதல் பிள்ளை பிறந்த பதினொன்றாம் நாள் போனபோதும் "கொடுத்தவர் எடுத்துக்கிட்டார்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள். அவள் கல்நெஞ்சுக்காரி என்று அப்போது ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவள் அழுததைப் பார்த்தவர் அருமைநாயகம் ஒருவர்தான்.

ஆனால் இந்தத் தடவை அவளால் அப்படி எழுந்து போக முடியவில்லை. புருஷன் தன்னோடு பேசவில்லை என்பதையாவது அவள் பொறுத்துக்கொள்வாள். அவளை வாட்டியது வேறொன்று. உள்ளே அவருக்கு வார்த்தையே இல்லாமல் போய்விட்டதோ என்பதுதான். நினைப்பதற்கும் வார்த்தை வேண்டும் அல்லவா? ஆண்டவரைக் கூப்பிடுவதற்கும் வேண்டும் அல்லவா? இத்தனை நாள் ஊரையே கூட்டிவைத்துப் பேசின மனுஷன், உள்ளே விளக்கில்லாத அறையில் யாருமற்று ஒற்றையில் கிடக்கிறாரோ, கூப்பிடக்கூட வாயில்லையோ என்று நினைத்து அவள் ராத்திரியில் எழுந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதனால்தான் வீட்டு ஜெபத்தையும் அவள் மாற்றிக்கொண்டாள். முன்பெல்லாம் பொழுது அடைந்ததும் பாய் போட்டு உட்கார்ந்து, அவர் வேதம் வாசிக்க, இரண்டு பேருமாகப் பாட்டுப் பாடி, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்லி முடிப்பார்கள். இப்போது பாட்டும் கிடையாது, சேர்ந்து சொல்லுகிற ஜெபமும் கிடையாது. தான் மட்டும் சொல்ல அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், குறை குத்திக் காட்டுகிற மாதிரி ஆகிவிடுமே. எனவே அவர் தலையில் கையை வைத்து, தன் சொந்த வார்த்தையில் மனசுக்கு வந்ததைச் சொல்லி, சுருக்கமாக ஆமென் போட்டுவிடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

ஆனி மாதம் சாரல் இறங்கினபோது அவர் கோயிலுக்கு வருகிற அளவுக்குத் தேறியிருந்தார். வீட்டிலிருந்து ஆட்டோ. கோயில் வாசலில் தங்கத்துரை வந்து கையைப் பிடித்துக்கொள்வார். தங்கத்துரைதான் சபையின் செயலர். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைக் கவனித்துக்கொள்வது அவர் பழக்கம். அருமைநாயகத்தையும் அங்கேயே தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். ஞானகனி பெண்கள் பக்கம் போய்விடுவாள். அந்தக் கோயிலில் இன்றைக்கும் ஆண்கள் வலப் பக்கம், பெண்கள் இடப் பக்கம். கலியாணம் ஆன அன்று பீடத்துக்கு முன்னால் நின்றதோடு சரி, அதற்குப் பிறகு அவளும் அவரும் கோயிலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் நின்றதே இல்லை.

அப்படி வந்த நாலாவது ஞாயிற்றுக்கிழமைதான் வினை வந்தது. கோயில் வாசலில் ஒரு மேசை. அதில் இரண்டு வகை உறைகள் அடுக்கியிருக்கும். ஏதாவது வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு வெள்ளை உறை, அது ஜெப விண்ணப்பம். கிடைத்ததற்கு நன்றி சொல்லுகிறவர்களுக்கு மஞ்சள் உறை, அது ஸ்தோத்திரக் காணிக்கை. ஞானகனி போனபோது வெள்ளை உறை தீர்ந்துபோயிருந்தது. உலகத்தில் கேட்கிறவர்கள்தானே அதிகம். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது, முதல் பாட்டும் தொடங்கிவிட்டார்கள். ஆண்டவர் உறையின் நிறத்தையா பார்க்கப் போகிறார் என்று ஒரு மஞ்சள் உறையை எடுத்து, காரணம் என்று போட்டிருந்த இடத்தில் "என் கணவர் அருமைநாயகத்தின் பேச்சுக்காக" என்று எழுதிப் போட்டுவிட்டாள்.

ஆண்டவர் பார்க்க மாட்டார். தங்கத்துரை பார்ப்பார்.

அறிவிப்புகள் முடிந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஸ்தோத்திரப் பட்டியலை வாசித்தார். ஒருவருக்குப் பேரன் பிறந்ததற்காக, ஒருவருக்கு வேலை கிடைத்ததற்காக. மூன்றாவதாக, "நம்முடைய சகோதரர் அருமைநாயகம் அவர்களுக்குக் கர்த்தர் பேச்சைத் திரும்பக் கொடுத்ததற்காக, அவருடைய மனைவி ஞானகனி அம்மாள்" என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. கை தட்டுகிற வழக்கம் இல்லாத கோயிலில் அன்றைக்கு இரண்டு மூன்று பேர் தட்டினார்கள்.

ஞானகனிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினது போல ஆகிவிட்டது. எழுந்து இல்லை என்று சொல்ல வேண்டும். பெஞ்சைப் பிடித்து எழப் போனாள். பக்கத்தில் இருந்த ஷாரோன், பாடகர் குழுவில் இருக்கிற பெண், அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டாள். அந்த அழுகைக்கு நடுவில் எங்கே எழுந்து என்னத்தைச் சொல்வது? அடுத்த பெயரும் வாசித்தாயிற்று. சொல்லவேண்டிய நேரம் போய்விட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அருமைநாயகத்தைச் சுற்றி ஒரு கூட்டம். "என்ன அண்ணாச்சி, இந்த வருசம் அறுப்பின் பண்டிகை ஏலம் நீங்கதான்" என்கிறார் ஒருவர். அவர் எல்லோரையும் பார்த்துத் திகைத்து, "ரெண்டு தரம்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. குறும்பு போகலை பாருங்க என்றார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், புத்தி தெளிவு. உள்ளே வாசித்தது என்ன என்று அவருக்குத் தெரியும். ஆட்டோவில் ஏறின பிறகு அவர் ஞானகனியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழையுமுன் கைப்பேசி அடித்தது. கோயில் வாட்ஸ்அப் குழுவில் யாரோ செய்தியைப் போட்டுவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஷெர்லின்.

"அம்மா, என்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணலையா உனக்கு? அப்பாகிட்ட போனைக் குடும்மா. அப்பா ஷெர்லின்னு ஒரு தரம் சொல்லட்டும், எனக்கு அது போதும்."

ஞானகனி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இல்லட்டி. பேசலை. தப்பு நடந்துபோச்சு" என்று நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, "சரிம்மா, நீ சாப்பிட்டியா" என்று மகள் கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் ஞானகனியால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை அடுத்த வீட்டு ஆவுடைத்தாய் வந்தாள். ஞானகனி பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் அருமைநாயகத்துக்குத் துணை இருப்பவள் அவள்தான். வயலை விற்ற பிறகு பூக்கட்டிப் பிழைக்கிற குடும்பம். வரும்போதே தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலையோடு வந்து நின்றாள்.

"ஏட்டி ஞானம், இன்னைக்கு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடு. நான் பண்பொழி மலைக்குப் போயிட்டு வந்துருதேன். அண்ணாச்சிக்குப் பேச்சு வந்தா நடந்தே வந்து படியேறுதேன்னு முருகனுக்கு நேந்திருந்தேன். உன்கிட்ட சொல்லல, நீங்க வேதக்காரவுக, தப்பா நினைப்பியோன்னு."

ஞானகனி அவள் காலைப் பார்த்தாள். ஆவுடைத்தாய்க்கு முழங்கால் வலி. அந்த முழங்காலோடு, வராத பேச்சுக்காக, அறுநூற்றுச் சொச்சம் படி. "ஆவுடைக்கா, போகாதீய. பேச்சு வரல" என்றாள்.

ஆவுடைத்தாய் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "அதான் பாத்தேன். உங்க கோயில்ல பேசிட்டாவன்னு ஊரே சொல்லுது, அந்த மனுசன் என்கிட்ட ஒண்ணும் பேசலையேன்னு எனக்கே சந்தேகம். நல்லவேளை, படியேறதுக்கு முன்ன சொன்ன. ஏறினப் பொறவு சொல்லியிருந்தா முருகன்கிட்ட போயி திருப்பியா கேக்க முடியும்?" என்று சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ளதை உள்ளபடி சொல்லிரு. சாமிகிட்ட இல்லாததச் சொல்லி நமக்கு என்ன ஆகப் போவுது" என்றாள்.

அன்று சாயங்காலம் ஷாரோன் ஒரு டப்பாவில் நெய்யப்பத்தோடு வந்தாள். அவளிடமும் ஞானகனி உண்மையைச் சொன்னாள். ஷாரோனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. "அத்தை, தப்பா நடந்ததுன்னு ஏன் நினைக்கீங்க? கிடைக்கிறதுக்கு முன்னாலயே நன்றி சொல்லுறதுதானே விசுவாசம்? அப்படியே இருக்கட்டும். இப்பப் போய் மாத்திச் சொன்னா ஆண்டவர் செய்ய வந்ததையும் வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

அந்தப் பேச்சு ஞானகனியை இரண்டு நாள் போட்டு உலுக்கியது. பருப்புக்குப் பெருங்காயம் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் பள்ளிக்கூடத்தில் இரண்டு தடவை போட்டுவிட்டாள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். மாற்றிச் சொன்னால் அவிசுவாசம், சொல்லாவிட்டால் பொய். இதில் எதற்கு ஆண்டவர் கோபப்படுவார்?

புதன்கிழமை அகமது கபீர் வந்தார். சேதி சந்தைக்கும் போயிருந்தது. பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறோம், மெதுவாக வந்து உட்கார்ந்தால் போதும், வாய் மட்டும் வேலை செய்தால் போதும் என்று சொல்லத்தான் வந்திருந்தார். அருமைநாயகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு தரம், ரெண்டு தரம்" என்று என்னவோ சொல்லத் தவித்தார். கபீருக்கு விஷயம் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு அந்தக் கையைத் தடவிக் கொடுத்தார்.

"ரெண்டு தரத்துலதானே அண்ணாச்சி நிக்கீங்க. மூணாந்தரம் சொன்னாத்தானே ஏவாரம் முடியும். இன்னும் ஆளு கேட்டுக்கிட்டுதான் இருக்கான்னு வச்சுக்கிடுவோம்" என்றார். அருமைநாயகம் சிரித்தார். பங்குனிக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து ஞானகனி அன்றுதான் கேட்டாள். கபீர் வாசலுக்கு வந்து செருப்பைப் போடும்போது தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தாள்.

அவர் போன பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்தப் பொய் இன்னும் எத்தனை பேரை இந்த வாசல்வரை நடக்க வைக்கும்? நம்பி வருகிறவர்களை அழ வைத்து அனுப்புகிற விசுவாசம் அவளுக்கு வேண்டாம். குருவானவரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள். நேரே ஐயர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஐயர் இளவயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். "உங்க மேல தப்பில்லம்மா. வெள்ளை உறை வைக்காதது எங்க தப்பு. ஞாயித்துக்கிழமை நானே சொல்லிருதேன், நீங்க எழுந்திரிக்கவே வேண்டாம்."

"வேண்டாம் ஐயா. நான் போட்டது, நானே சொல்லுதேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வருகிற வழியெல்லாம் பயம். நாலு பேருக்கு முன்னால் அவள் வாயைத் திறந்ததே கிடையாது. இதுநாள்வரை அவளுக்காகப் பேசினவர் அவர்தான். இப்போது அவருக்குப் பேச்சில்லை என்று சொல்லவும் அவள்தான் போக வேண்டியிருக்கிறது. ஆண்டவரே, உமக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று நடுத்தெருவில் நின்று கோபமாகவே கேட்டாள். ஒன்று சொல்ல வேண்டும், கேட்ட பிறகு கொஞ்சம் லேசாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், அவருக்குக் கஞ்சி ஊட்டி வாயைத் துடைத்துவிட்ட பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. இந்த ஆறு நாளில் மகளிடம் சொல்லியாயிற்று, ஆவுடைத்தாயிடம் சொல்லியாயிற்று, ஐயரிடமும் சொல்லியாயிற்று. யாருடைய பேச்சு இது? அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாயில்லை என்றதும் மனுஷனே இல்லாத மாதிரி ஆக்கிவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "கேளுங்க. வெள்ளைக் கவர் இல்லன்னு மஞ்சளில எழுதிப் போட்டுட்டேன். உங்களுக்குப் பேச்சு வந்துட்டுன்னு எல்லாரும் நினைச்சிட்டாவ. நாளைக்கு நான் முன்னால போய் நின்னு, வரலன்னு சொல்லப் போறேன். உங்களுக்கு அது அவமானமா இருக்கும்னா சொல்லுங்க, நான் போகல. ஐயர் சொல்லட்டும்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். வாயைத் திறந்தார், பிறகு வேண்டாம் என்று மூடிக்கொண்டார். கம்பை ஊன்றி எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய், கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை இடது கையால் எடுத்து அவள் மடியில் போட்டார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார், அவள் தோளைத் தொட்டார்.

"நீங்களும் முன்னால வாறியளா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஞானகனி அந்தச் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டுத்தான் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேகம் குற்றாலத்து மலையை முழுங்கிவிட்டிருந்தது. சாரல் கோயில் சன்னல் வழியாக முதல் பெஞ்சுவரை அடித்தது. அறிவிப்புகள் முடிந்ததும் ஐயர் அவள் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். ஞானகனி எழுந்தாள். அந்தப் பக்கம் கடைசி பெஞ்சிலிருந்து அருமைநாயகமும் எழுந்தார். தங்கத்துரை என்னவோ ஏதோ என்று அவரைத் தாங்கிக்கொண்டு நடுவழியில் கூட்டி வந்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேரும் வந்து பீடத்துக்கு முன்னால் சேர்ந்து நின்றார்கள்.

"போன வாரம் வாசிச்சது சரியில்ல" என்றாள் ஞானகனி. குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "இவியளுக்குப் பேச்சு வரல. நான் வேணும்னு கேட்டது, கிடைச்சிட்டுன்னு நீங்க நினைச்சிட்டீய. கவரை மாத்திப் போட்டது நான். அன்னைக்கே எழுந்து சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். மன்னிச்சிருங்க. இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். நீங்களும் கேளுங்க."

தங்கத்துரை ஓரடி முன்னால் வந்தார். அவருக்கு முகம் சிவந்துபோயிருந்தது.

"அம்மா, நான் கவரைப் பாத்து மட்டும் வாசிக்கல. அதுக்கு முந்தின வாரமே இவிய பேசினத நான் பக்கத்துல இருந்து கேட்டேன். என் காதால கேட்டேன். அதனாலதான் சந்தோசமா வாசிச்சேன்."

ஞானகனி அவரைப் பார்த்தாள். பாவம், பழியிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தாள். சபையிலும் முணுமுணுப்பு எழுந்தது. ஐயர் அதை வளரவிடவில்லை. "நாம் ஜெபிப்போம்" என்று சொல்லி, எல்லோரும் எழுந்து நிற்க, பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார்.

எல்லோரோடும் சேர்ந்து அவளும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வரியில் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. ஐயரின் குரல் அல்ல, தங்கத்துரையின் குரலும் அல்ல. கரகரப்பாக, தாழ்வாக, நாக்குக் கொஞ்சம் புரண்டு, ஆனால் ஒரு வார்த்தை விடாமல். இருபத்தெட்டு வருஷம் காது வலிக்கக் கேட்ட குரல்.

அவள் சொல்லுவதை நிறுத்திவிட்டாள். கண்ணைத் திறந்து திரும்பினாள். அருமைநாயகம் கண்ணை மூடி, கம்பில் சாய்ந்து நின்று, சபையோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அன்றாட அப்பத்துக்காகக் கேட்கிற இடம் வந்தது, கேட்டார். மன்னிப்புக் கேட்கிற இடம் வந்தது, கேட்டார். முடிவில் ஆமென் என்று எல்லோரும் சொன்ன பிறகு ஒரு மூச்சுத் தாமதமாக அவருடைய ஆமென் தனியாக வந்தது. முன் பெஞ்சுகளில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

அவர் கண்ணைத் திறந்தபோது எதிரே ஞானகனி அழுதுகொண்டு நின்றாள். "ஒத்த வார்த்தை என்கிட்ட பேசாம, இங்க வந்து பேசிக்கிட்டு இருந்திருக்கீய" என்றாள். அவருக்கு அவள் என்ன சொல்கிறாள் என்றே விளங்கவில்லை. எல்லோரும் தன்னை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கை காலுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற குற்றாலீஸ்வரனிடம் அவள் இதைச் சொன்னாள். அவர் இந்த மாதிரி நோயாளிகளைப் பார்த்துப் பழகினவர், ஆச்சரியப்படவில்லை. "சின்ன வயசுல இருந்து சொல்லிச் சொல்லிப் பழகினது சில பேருக்கு இப்படித் தானா வரும்மா. அது தனி இடத்துல பத்திரமா இருக்கும். அதை வச்சு பேச்சு வந்துட்டுன்னு கணக்குப் போட்டிராதீங்க. ஆனா நல்ல அடையாளம்தான், டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார். ஞானகனி சரி என்றாள்.

அன்று ஷெர்லினிடம் கைப்பேசியில் பேசும்போது, குற்றாலீஸ்வரன் சொன்னதை அப்படியே சொன்னாள். மகள், "அப்போ நிசமா பேசினது இல்லையாம்மா? வெறும் பழக்கந்தானா?" என்றாள்.

"பழக்கமாவே இருக்கட்டும்ட்டி. உங்க அப்பா உள்ள ஒத்தையில கிடக்காவளோன்னு நாலு மாசமா நான் செத்துச் செத்துப் பிழைச்சேன். ஒத்தையில இல்ல. நம்ம யாரும் போகமுடியாத இடத்துல, அவியளுக்குத் துணைக்கு ஆள் இருக்கு. இனிமே பேச்சு வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, எனக்குப் பயம் இல்ல."

பொழுது அடைந்தது. அவள் பாயை விரித்தாள். அவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார். வழக்கம்போல அவள் தலையில் கை வைப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டார். ஞானகனி கை வைக்கவில்லை, தன் சொந்த ஜெபத்தையும் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, பரமண்டல ஜெபத்தின் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு அவர் தனியாகவே சொல்லத் தொடங்கினார், அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.